வளர்கிற பிள்ளைக்குப் பெரிய மட்டை

பள்ளிச் சீருடையை ஓர் அளவு பெரிதாக எடுப்பது நம் வீடுகளில் வழக்கம். "வளர்ற பிள்ளை, அடுத்த வருஷத்துக்கும் ஆகும்" என்போம். குமாஸ்தா சம்பளத்தில் நானும் அப்படித்தான் எடுத்தேன். தப்பில்லை. சட்டைக் கை நீளமென்றால் மடித்து விட்டுக்கொள்ளலாம். கிரிக்கெட் மட்டையை மடிக்க முடியாதே!

என் மகனுக்கு ஒன்பது வயதில், பெரியவர்கள் ஆடும் மட்டையை வாங்கிக் கொடுத்தேன். வலது கை ஆட்டக்காரனுக்கு மட்டையை வழிநடத்த வேண்டியது மேலே பிடிக்கும் இடது கை. கனம் தாங்காமல் அந்தக் கை சோர்ந்துவிடும்; கீழே இருக்கும் வலது கை இழுக்கத் தொடங்கும். மட்டை நேராக வராது, குறுக்கே வீசும். வருவதற்குள் பந்து போய்விடும். "நேரா ஆடுடா" என்று நான் திட்டிக்கொண்டே இருந்தேன். இரண்டு வருஷத்தில் மட்டை பரணுக்குப் போனது. "எனக்குக் கிரிக்கெட் வராதுப்பா" என்றான். அவனும் நம்பினான், நானும் நம்பினேன்.

இப்போது பேரன் முறை. "கனமா இருந்தாத்தான் கை பலம் ஏறும்ப்பா" என்கிறான் அதே மகன். பலம் வேறு, பழக்கம் வேறு. தூக்க முடியாததைத் தூக்கப் பிள்ளையின் உடம்பு ஒரு குறுக்கு வழி கண்டுபிடிக்கும். அதுவே பழகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

விளையாட்டு விதிகளை வகுத்தவர்களுக்கு இது தெரியும். பெரியவர்களின் கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம். 13 வயதுக்குட்பட்டோருக்கு 133 முதல் 144. டென்னிஸில் 2012 முதல் பத்து வயது வரையிலான போட்டிகளுக்கு வேகம் குறைந்த பந்துதான். எங்கள் புதுச்சேரியில் பெத்தாங்க் ஆடும் பெரியவர்களைப் பாருங்கள். 650 முதல் 800 கிராம் வரை, தன் கைக்கு எது ஒத்துவருகிறதோ அந்தக் குண்டைத்தான் எடுப்பார்கள். நமக்கு உள்ள அந்த உரிமை பிள்ளைக்கு வேண்டாமா?

கடையில் ஒரு சின்னச் சோதனை போதும். மேல் கை ஒன்றால் மட்டும் மட்டையைப் பிடித்து நேரே நீட்டச் சொல்லுங்கள். கை நடுங்கினால் அது வேண்டாம்.

பேரனுக்கு நாலாம் நம்பர் மட்டை வாங்கியாயிற்று. கொஞ்ச நாளில் சின்னதாகிவிடும். ஆகட்டும், அடுத்த வீட்டுப் பிள்ளை ஆடட்டும். பரணில் கிடப்பதற்கு அது மேல்.