போர் எழுவாய் அல்ல

"போரால் எரிபொருள் விலை உயர்ந்தது." 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்த பின், இத்தொடர் இந்திய மொழிகள் அனைத்திலும் ஏதேனும் ஒரு வடிவில் எழுதப்பட்டுவிட்டது. தலையங்கங்களிலும் சட்டமன்ற உரைகளிலும் பல்கலைக்கழகக் கருத்தரங்கக் கட்டுரைகளிலும் அது எவ்விதத் தடையுமின்றி உலவுகிறது. இலக்கணப்படி அதில் பிழையில்லை. ஆயினும் அண்மைக் காலத்தில் இத்தனை பேரை இத்தனை எளிதாகப் பொறுப்பிலிருந்து விடுவித்த தொடர் வேறொன்று இருப்பது அரிது.

அத்தொடரின் சூழ்ச்சி இரண்டு இடங்களில் உள்ளது. முதலாவது, 'உயர்ந்தது' என்னும் தன்வினை. தமிழில் ஏறு–ஏற்று, உயர்–உயர்த்து எனத் தன்வினையும் பிறவினையும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. 'உயர்ந்தது' என்றால் வெயில் ஏறுவதுபோல விலை தானாக ஏறியது என்று பொருள். 'உயர்த்தினர்' என்றால் யார் என்ற கேள்வி உடனே எழும். இரண்டாவது, 'போரால்' என்பதிலுள்ள 'ஆல்' உருபு. மூன்றாம் வேற்றுமை கருவிக்கும் வரும், கருத்தாவுக்கும் வரும். வாளால் வெட்டினான் என்பதில் வாள் கருவி. அரசனால் கோயில் கட்டப்பட்டது என்பதில் அரசன் கருத்தா. விலைவாசி குறித்த பேச்சில் போர், கருவியின் இடத்திலிருந்து மெல்ல நகர்ந்து கருத்தாவின் இடத்தில் அமர்ந்துவிடுகிறது. கருத்தாவின் இருக்கை நிரம்பிவிட்டால் வேறு யாரையும் அங்கே தேட வேண்டியதில்லை.

இத்தொடரைச் சோதிக்கத் தலைநகரின் புள்ளிவிவர அட்டவணைகளைவிடப் போனக்காடு பொருத்தமான இடம். திருவனந்தபுரம் நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், விதுராவுக்கு மேலே, பேப்பாறை வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டிய மலைச்சரிவில் அத்தேயிலைத் தோட்டம் உள்ளது. தேயிலை ஆலை இயங்கி நெடுங்காலமாகிறது. ஊதிய நிலுவையும் பணிக்கொடையும் கைக்கு வராத தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பழுதடைந்த லயங்களில் வாழ்ந்து வருகின்றன. வெளியுலகம் இவ்வூரை இரண்டு காரணங்களுக்காக அறியும்: ஒன்று, அகத்தியர்கூடம் மலையேற்றம் இங்கிருந்து தொடங்குகிறது, மற்றொன்று, இங்கொரு 'பேய் பங்களா' இருப்பதாகக் காணொளிகள் பரப்பிய கதை. பேயைக் காண மலையேறி வருவோருக்கு லயங்களில் வாழும் மனிதர் கண்ணில் படுவதில்லை.

இத்தகைய ஊரில் எரிபொருள் என்பது வாகனத்துக்கு நிரப்பும் ஒரு பொருள் மட்டுமன்று. அரிசியும் மருந்தும் எரிவாயு உருளையும் மலைப்பாதை வழியாகவே மேலே வர வேண்டும். நோயாளியும் கல்லூரி மாணவியும் கூலிவேலை தேடுபவரும் அதே வழியில் கீழே இறங்க வேண்டும். டீசலின் ஒவ்வொரு ரூபாயும் இங்கே பலமுறை எண்ணப்படுகிறது: பேருந்துக் கட்டணத்தில் ஒருமுறை, ஜீப் வாடகையில் ஒருமுறை, கடைக்காரர் சேர்க்கும் ஏற்றுகூலியில் இன்னொருமுறை. விறகுக்குக் காடு அருகிலேயே இருக்கிறது. ஆனால் அது பாதுகாக்கப்பட்ட காடு.

அப்படியானால், உக்ரைனிலிருந்து போனக்காட்டுக்கு அந்த விலை எவ்வழியாக வந்து சேர்ந்தது? வழிநெடுகிலும் மனிதர்கள் எடுத்த முடிவுகள் நிற்கின்றன. அவற்றுக்குத் தேதிகளும் உண்டு.

2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து 2022 மார்ச் 21 வரை நாட்டில் பெட்ரோல், டீசல் சில்லறை விலை அசையவே இல்லை. இடைப்பட்ட காலத்தில்தான் போர் வெடித்தது. மார்ச் முதல் வாரத்தில் பிரெண்ட் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 130 டாலரைக் கடந்தது. போர் விலையை உயர்த்தும் என்றால் அப்போது உயர்ந்திருக்க வேண்டும். உயரவில்லை. உத்தரப் பிரதேசம், பஞ்சாப், உத்தராகண்ட், கோவா, மணிப்பூர் ஆகிய ஐந்து மாநிலங்களின் தேர்தல் முடிவுகள் மார்ச் 10 அன்று வெளியாயின. மார்ச் 22 முதல் ஏப்ரல் 6 வரை, பெரும்பாலும் நாளொன்றுக்கு 80 காசு என்ற கணக்கில், லிட்டருக்கு 10 ரூபாய் ஏற்றப்பட்டது. விலையின் நாட்காட்டி போர்க்களத்தின் நாட்காட்டியோடு பொருந்தவில்லை. வாக்குச்சாவடியின் நாட்காட்டியோடு பொருந்துகிறது.

அதே மார்ச் மாதத்தில் சில்லறை விலை உறைந்திருந்தபோதே, மொத்தமாக வாங்குவோருக்கான டீசல் விலையை எண்ணெய் நிறுவனங்கள் லிட்டருக்கு ஏறத்தாழ 25 ரூபாய் உயர்த்தின. மொத்தமாக வாங்குவோரில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமும் ஒன்று. சொந்தக் காரில் செல்பவர் பம்பில் ஒரு விலை கொடுத்தார். ஏழைகளை ஏற்றிச் செல்லும் பேருந்துக்கு அதைவிடக் கூடுதல் விலை சொல்லப்பட்டது. கழகம் நீதிமன்றம் சென்றது. மே 1 முதல் கேரளத்தில் குறைந்தபட்சப் பேருந்துக் கட்டணம் 8 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகவும், கிலோமீட்டருக்கான கட்டணம் 90 காசிலிருந்து ஒரு ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. போனக்காடு போன்ற கடைக்கோடி ஊர்களுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் பெரிதன்று. கிலோமீட்டர் கணக்குதான் பெரிது.

மண்ணெண்ணெயின் கதையும் இதுவே. 2022 ஏப்ரலில் கேரளத்துக்கான பொது விநியோக மண்ணெண்ணெய் ஒதுக்கீட்டை ஒன்றிய அரசு ஏறத்தாழ 40 விழுக்காடு குறைத்தது. நியாயவிலைக் கடையில் லிட்டர் 59 ரூபாயிலிருந்து 81 ரூபாயாயிற்று. சமையல் எரிவாயு மானியமோ போருக்கு ஏறத்தாழ ஈராண்டுகள் முன்பே, 2020 நடுப்பகுதியிலேயே, பெரும்பாலான வீடுகளின் வங்கிக் கணக்குகளுக்கு வருவது நின்றுவிட்டது. ஆகவே 2022 ஜூலையில் டெல்லியில் உருளை 1,053 ரூபாயைத் தொட்டபோது, அடியைத் தாங்க இருந்த தடுப்பு ஏற்கெனவே அகற்றப்பட்டிருந்தது. மழை வந்ததால் வீடு நனைந்தது என்பது உண்மை. ஓட்டைப் பிரித்தவர் யார் என்பது வேறு கேள்வி.

மாநில அரசும் இக்கணக்கிலிருந்து தப்ப இயலாது. கேரளத்தின் விற்பனை வரி விலையின் விழுக்காடாக விதிக்கப்படுகிறது: பெட்ரோலுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல், டீசலுக்கு 22 விழுக்காட்டுக்கு மேல். விலை ஏறினால் வரியும் ஏறும். 2022 மே மாதத்தில் ஒன்றிய அரசு உற்பத்தி வரியைப் பெட்ரோலில் 8 ரூபாயும் டீசலில் 6 ரூபாயும் குறைத்தபோது, தானும் பெட்ரோலில் 2.41 ரூபாயும் டீசலில் 1.36 ரூபாயும் குறைப்பதாக மாநில அரசு அறிவித்தது. அது குறைப்பன்று, கணக்கின்படி தானே குறைந்தது என்றனர் எதிர்த்தரப்பினர். இந்தச் சச்சரவு ஓர் இலக்கணப் பாடம். விலை ஏறும்போது அரசுகள் தன்வினையில் பேசுகின்றன: 'உயர்ந்தது'. இறங்கும்போது பிறவினைக்கு மாறுகின்றன: 'குறைத்தோம்'. 2023 ஏப்ரல் 1 முதல் சமூகப் பாதுகாப்பு நிதிக்கென லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் வரி வந்தபோது, எந்தப் போரும் அதற்குக் கையெழுத்திடவில்லை.

மறுதரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்வதே முறை. இந்தியா தன் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது. உலகச் சந்தை கொதிக்கும்போது உள்நாடு குளிர்ந்திருக்க முடியாது. 2022 நடுப்பகுதியில் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் நட்டம் கண்டன; எரிவாயு நட்டத்துக்கு ஈடாக ஒன்றிய அரசு அவ்வாண்டு அக்டோபரில் 22,000 கோடி ரூபாய் அளித்தது. இவை யாவும் உண்மை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. போருக்கு முன் இந்திய இறக்குமதியில் 2 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த ரஷ்ய எண்ணெய், தள்ளுபடி விலையில், ஓரிரு ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கைக் கடந்தது. இந்தியா வாங்கிய கச்சா எண்ணெயின் சராசரி விலை 2022–23இல் 93 டாலர் அளவிலிருந்து 2023–24இல் 83 டாலருக்கும் கீழே இறங்கியது. அந்நிதியாண்டில் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களும் சேர்ந்து ஏறத்தாழ 81,000 கோடி ரூபாய் இலாபம் ஈட்டின. பம்பில் விலை 2 ரூபாய் குறைந்தது 2024 மார்ச்சில். மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்படவிருந்த வேளையில். போர் விலையை ஏற்றியது என்பவர்கள், அதே போர் தந்த தள்ளுபடி ஏன் லயத்து அடுப்புவரை வரவில்லை என்பதற்கும் விடை சொல்ல வேண்டும்.

ஒரே போருக்கு வெவ்வேறு அரசுகள் வெவ்வேறு விடைகள் அளித்தன. 2022 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஜெர்மனி, மாதம் 9 யூரோவுக்கு நாடெங்கும் உள்ளூர், வட்டாரப் பேருந்திலும் இரயிலிலும் செல்லும் பயணச்சீட்டை வழங்கியது. அந்நிய செலாவணி வற்றிப்போன இலங்கையில் அதே ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே அறிவிப்பில் 340 ரூபாயாயிற்று. மலையகத் தோட்டங்களும் வடபுலத்து மீனவரும் அதைச் சுமந்தனர். செல்வ நாட்டோடு ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். ஒப்பீட்டின் நோக்கம் கேரளம் ஜெர்மனியாக வேண்டும் என்பதன்று. போர் மட்டுமே கருத்தாவாக இருந்திருந்தால், விளைவு எங்கும் ஒரே திசையில் சென்றிருக்க வேண்டும் என்பதே.

இவ்விடத்தில் கல்விப்புலத்தையும் கேட்க வேண்டியுள்ளது. விலைவாசிக்கு எதிராக இந்நாட்டில் ஒரு கவசம் உண்டு. அதன் பெயர் அகவிலைப்படி. ஒன்றிய அரசு ஊழியர்களுக்கான அகவிலைப்படி 2022 ஜனவரி முதல் 34 விழுக்காடாகவும் ஜூலை முதல் 38 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. மத்தியப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் அக்கவசத்துக்குள் உள்ளனர். அது தவறன்று, உழைப்பவர் ஒவ்வொருவருக்கும் உரியது அது. இயங்கும் தோட்டத்தின் தொழிலாளருக்குக்கூடக் கூலியோடு பஞ்சப்படி சேர்கிறது. மூடிய தோட்டத்தின் தொழிலாளருக்கோ படியைக் கணக்கிட அடிப்படைக் கூலியே இல்லை. சுழியத்தின் 38 விழுக்காடு சுழியம்தான். அவருக்கு வரவேண்டிய நிலுவைத் தொகை ஆண்டுதோறும் அதே எண்ணாக ஏட்டில் நிற்கிறது. அதைக் கொண்டு வாங்கக்கூடிய அரிசியின் அளவோ ஆண்டுதோறும் சுருங்குகிறது. விலையேற்றம் அவரிடமிருந்து இருமுறை பறிக்கிறது: செலவில் ஒருமுறை, வராத வரவில் மறுமுறை.

இதைக் கண்டு எழுத வேண்டிய ஆய்வுலகம் என்ன எழுதுகிறது? 'புவிசார் அரசியல் அதிர்வுகள்', 'வழங்கல் தொடர் இடையூறு', 'நலிந்த பிரிவினர்மீதான தாக்கம்'. அனைத்தும் பெயர்ச்சொற்கள். வினையைப் பெயராக்கினால் எழுவாய் உதிர்ந்துவிடும். 'தாக்கம்' என்று எழுதிய பின் தாக்கியவர் யார் என்று எந்த நெறியாளரும் கேட்பதில்லை. 'நலிந்த' என்பதும் தன்வினைதான். நலிவித்தவர் அத்தொடரிலும் இல்லை. புறவயமான நடை என்று வகுப்பறையில் கற்பிக்கப்படுவது, பல வேளைகளில் பெயர் சொல்ல அஞ்சும் நடையே.

'விலையேற்றம்' என்னும் சொல் நல்ல சொல். 'ஏற்றம்' ஏறுதலையும் குறிக்கும், ஏற்றுதலையும் குறிக்கும். மலையாளத்தின் 'விலக்கயற்றம்' என்பதிலும் ஏறக்குறைய அதே இரட்டைப் பொருள் உண்டு. கீழேயிருப்பவருக்கு மலையாளத்திலும் வீட்டுக்குள் தமிழிலும் வாழும் போனக்காட்டு மக்களிடம் இரு மொழியிலும் அக்கேள்வி தயாராகவே இருக்கிறது: ஏறியதா, ஏற்றினார்களா? அதைக் கேட்காமல் கடப்பது ஆய்வாளரின் தேர்வு.

அடுத்த போர் எங்கு மூளும் என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. மேற்காசியாவில் மூண்டால் ஹோர்முஸ் நீரிணை அடைபடும் அச்சம் எழும். எரிவாயுத் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதியை நம்பும் நாட்டில் அச்சமே விலையாகிவிடும். அன்றும் அதே தொடர் தயாராக நிற்கும். அதற்குள் செய்ய வேண்டியவை தெளிவானவை. மூடிய தோட்டங்களின் தொழிலாளருக்குரிய நிலுவையும் பணிக்கொடையும் விலைவாசிக் குறியீட்டோடு இணைத்து வழங்கப்பட வேண்டும். கடைக்கோடி மலையூர்களின் பேருந்துக் கட்டணம் டீசல் விலையிலிருந்து விலக்கி வைக்கப்பட வேண்டும். எரிவாயு மானியம், கூலி நின்றுபோன குடும்பங்களுக்கு முதலில் திரும்ப வேண்டும். இம்மூன்றையும் செய்ய மாஸ்கோவிடமோ கீவிடமோ அனுமதி பெற வேண்டியதில்லை. செய்ய வேண்டியவர்கள் டெல்லியிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கிறார்கள். ஆய்வேடுகளில் எழுவாயின் இடத்தில் எழுதப்பட வேண்டிய பெயர்களும் அவர்களுடையவையே.