கிராமசபை: கையெழுத்துப் பதிவேடா, மக்கள் அதிகாரமா?

ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்களிப்பதோடு குடிமகனின் கடமை முடிந்துவிடுகிறது. எஞ்சியதை அதிகாரிகளும் வல்லுநர்களும் பார்த்துக்கொள்வார்கள் என்பது ஆளும் வர்க்கங்கள் ஓயாமல் பரப்பிவரும் போதனை. தெருவிளக்கும் குடிநீரும் ‘வளர்ச்சி’யாம், அவற்றைப் பற்றிக் கேள்வி எழுப்புவது மட்டும் ‘அரசியல்’ ஆகிவிடுமாம். அரசியல் ஒரு சாக்கடை, சாமானியன் விலகி நிற்பதே நல்லது என்ற உபதேசமும் கூடவே வருகிறது. சாக்கடைக்கு ஒதுக்கிய நிதி எங்கே போயிற்று என்று அவன் கேட்டுவிடக் கூடாது என்பதே அந்த உபதேசத்தின் உட்பொருள்.

1993இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 73ஆவது திருத்தம் கிராமசபைக்குச் சாசனத் தகுதி அளித்தது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். நிலமற்ற விவசாயத் தொழிலாளிக்கும் அங்கே பேசும் உரிமை உண்டு. யாருடைய தயவும் அதற்குத் தேவையில்லை. ஆனால் அந்தச் சபைக்கு என்ன அதிகாரம் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு மாநிலச் சட்டமன்றங்களிடம் விடப்பட்டது. விளைவாக, பல மாநிலங்களில் கிராமசபை என்பது முன்கூட்டியே எழுதப்பட்ட தீர்மானத்தின் கீழ் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கும் சடங்காகச் சுருங்கியது.

அந்தச் சடங்கு உண்மையான சபையாக மாறினால் என்ன நடக்கும் என்பதை ஒடிசாவின் நியமகிரி காட்டியது. வேதாந்தா நிறுவனத்தின் அலுமினா ஆலைக்காக அந்த மலையிலிருந்து பாக்சைட் வெட்டத் திட்டமிடப்பட்டது. 2013 ஏப்ரல் 18 அன்று, இதில் கிராமசபைகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மலையைச் சார்ந்து வாழும் ஏராளமான கிராமங்களுள் 12ஐ மட்டுமே மாநில அரசு தேர்ந்தெடுத்தது. ராயகடா, களஹாண்டி மாவட்டங்களைச் சேர்ந்த அந்த 12 சபைகளும், மாவட்ட நீதிபதி நிலை அதிகாரியின் முன்னிலையில், ஒன்றுகூட விலகாமல் சுரங்கத்தை நிராகரித்தன. எழுதப் படிக்கத் தெரியாத டோங்கிரியா கோண்ட் பெண்களும் எழுந்து நின்று மறுப்பைப் பதிவு செய்தனர். 2014 ஜனவரியில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் திட்டத்துக்கு அனுமதி மறுத்தது.

இதிலிருந்து மூலதனமும் பாடம் கற்றது. பழங்குடி மக்களின் வன உரிமைகள் தீர்க்கப்படும் முன்பே, வன நிலத்தைத் தாரை வார்க்க ஒன்றிய அரசு ஒப்புதல் தரலாம் என்று 2022இல் வனப் பாதுகாப்பு விதிகள் திருத்தி எழுதப்பட்டன. சத்தீஸ்கரின் ஹஸ்தேவ் வனப்பகுதியில் நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் காட்டப்பட்ட கிராமசபைத் தீர்மானம் போலியானது என்று அறிவித்து, 2021 அக்டோபரில் பழங்குடி மக்கள் ராய்ப்பூரை நோக்கி 300 கிலோமீட்டர் நடந்தனர். மக்களின் ‘இல்லை’ என்ற சொல்லுக்கு மதிப்பில்லை என்றால், அதைப் போலியான ‘ஆம்’ கொண்டு மறைக்க வேண்டிய அவசியம் ஏன் எழுகிறது?

நகரங்களின் நிலை இன்னும் மோசம். மும்பை மாநகராட்சியின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அதன்பின் மூன்றாண்டுகளுக்கும் மேலாக நாட்டின் மிகப் பணக்கார மாநகராட்சியை அரசு நியமித்த அதிகாரி ஆண்டார். பெங்களூரு 2020 செப்டம்பரிலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தை இழந்தது. ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்த வேண்டும் என்று சாசனம் சொல்கிறது. குடிசைப் பகுதியை அகற்றும் உத்தரவிலும் ஒப்பந்த ஊழியருக்கு மறுக்கப்படும் ஊதியத்திலும் கையெழுத்திடும் அதிகாரி எந்த வார்டு வாக்காளருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை என்பதே இந்தத் தாமதத்தின் ஆதாயம்.

கேள்வி கேட்பது சிறு வேலை என்று கருதுவோர் ராஜஸ்தானைப் பார்க்கட்டும். 1994இல் அங்கே கிராமத் தொழிலாளர்கள் நடத்திய பொது விசாரணைகளில், அரசுப் பணிகளின் வருகைப் பதிவேடுகள் ஊரார் முன் உரக்கப் படிக்கப்பட்டன. வேலை செய்யாதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது அம்பலமாயிற்று. 1996இல் பியாவரில் 40 நாள் தர்ணா நடந்தது. 2005இல் நாடு பெற்ற தகவல் உரிமைச் சட்டத்தின் வேர் அந்தக் கூலிக் கணக்கில்தான் இருக்கிறது.

இடதுசாரி இயக்கத்துக்கு இது புதிய பாடம் அன்று. 1978இல் மேற்கு வங்க இடது முன்னணி அரசு நடத்திய பஞ்சாயத்துத் தேர்தல் கிராமப்புற நில உடைமையாளர்களின் ஆதிக்கத்தை அசைத்தது. 1996இல் கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு அளித்து, திட்டமிடலைக் கிராமசபைக்குக் கொண்டு சென்றது.

எனினும், ரேஷன் கடையையும் குடிநீர்க் குழாயையும் ‘சீர்திருத்த வேலை’ என்று ஒதுக்கி, உலக அரசியலை மட்டும் விவாதிக்கும் கிளைகள் இன்றும் இல்லாமல் இல்லை. தேர்தல் அறிவிப்பு வந்த பிறகே வார்டு வரைபடத்தைத் தேடும் தோழர்களும் உண்டு. அவர்கள் விட்டுவைத்த காலி இடத்தில் சாதிச் சங்கமும் மதவெறி அமைப்பும் ஒப்பந்ததாரரும் வந்து அமர்ந்துவிடுகின்றனர். குழாயடியில் நிற்கும் பெண்ணுக்கு முதலில் கைகொடுப்பவர் யாரோ, அவரது அரசியலே அந்தத் தெருவின் அரசியலாகிறது.

ஆகவே ஒவ்வொரு கிளையும் அடுத்த கிராமசபைக்கு முன் பஞ்சாயத்தின் வரவு செலவுக் கணக்கைக் கேட்டுப் பெற வேண்டும். அதை வீடு வீடாக எடுத்துச் சென்று விளக்க வேண்டும். கட்சி உறுப்பினர் அல்லாத பத்துப் பேரையேனும் சபைக்கு அழைத்து வர வேண்டும். தீர்மானம் படிக்கப்பட்டு, விவாதிக்கப்பட்டு, பதிவேட்டில் எழுதப்படும்வரை எவரும் கலையக் கூடாது. எழுதாத தாளில் கையெழுத்திட மறுக்கும் ஒரு கிராமத்தை எந்த நிறுவனமும் எளிதில் விலைக்கு வாங்கிவிட முடியாது.