விழுக்காடு மட்டும் போதுமா?

மதுரை நகரத்தாரும் மேலூர், உசிலம்பட்டிச் சிற்றூராரும் விரும்பும் சொல்வடிவங்களை விழுக்காட்டால் மட்டும் ஒப்பிட்டு முடிவுரைப்பது ஏற்புடையதன்று. குழுவுக்கு நாற்பதின்மரை வினவியதாகக் கொள்வோம். நகரத்தாரில் 24 பேரும் சிற்றூராரில் 18 பேரும் புதுவடிவத்தைத் தேர்ந்தால், 60, 45 என விழுக்காடுகள் பெரிதும் விலகித் தோன்றும். கார்ல் பியர்சன் 1900இல் வகுத்த கை-வர்க்கச் சோதனையில் கிடைக்கும் மதிப்போ ஏறத்தாழ 1.80, ஐந்து விழுக்காட்டு மிகைகாண் நிலைக்கு வேண்டிய 3.84ஐ அது எட்டவில்லை. நகரம் பழஞ்சொல்லைக் கைவிட்டது என்றெழுத இத்தரவு இடந்தராது.

விருப்பத்தை ஐந்து படிநிலைகளில் அளந்திருப்பின், தரவரிசையைக் கருதும் மான்-விட்னி சோதனையே பொருந்தும். எதிர்பார்க்கப்படும் நிகழ்வெண் 5க்குக் குறைந்தால் ஃபிஷரின் துல்லியச் சோதனை. ஒருவரையே இருமுறை வினவிய தரவுக்கு இம்மூன்றும் ஒவ்வா. இத்தேர்வு வினாநிரல் அமைக்கும்போதே நிகழவேண்டும். நாமோ களத்திலிருந்து மீண்டபின்னரே சோதனையைத் தேடுகிறோம்.