கடைசி வறட்சியை யார் எண்ணுவது?



எங்கள் ஊர் மசினகுடி. நீலகிரி என்றாலே எல்லோருக்கும் குளிரும் மழையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்தால், எங்கள் ஊர் மழை மறைவுப் பகுதி. மேலே கொட்டுற மழை கீழே எட்டிப் பார்ப்பதோடு சரி!

பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர் என் அம்மா. ராகி விதைத்துவிட்டால் சுவரில் கரிக்கோடு போடுவார். மழையில்லாத நாளுக்கு ஒரு கோடு. மழை பெய்தால் அத்தனையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. லேபில் "அரேயில் அடுத்தடுத்து வரும் ஒரே மதிப்புகளை எண்ணுக" என்று புரோகிராம் கொடுத்தபோது, 'அட, இது அம்மாவோட சுவர்க் கணக்காச்சே!' என்று தோன்றியது.

மொத்த மழையைக் கூட்டினால் போதாதா என்பீர்கள். பத்து நாள் மழை, மில்லிமீட்டரில்:

5, 0, 0, 5, 0, 0, 5, 0, 0, 5
20, 0, 0, 0, 0, 0, 0, 0, 0, 0

இரண்டிலும் மொத்தம் 20தான். ஆனால் முதலாவதில் தொடர்ந்து வறண்டது 2 நாள். இரண்டாவதில் 9 நாள். இளம் பயிருக்கு இரண்டும் ஒன்றா? பருவநிலை ஆய்வாளர்களும் 1 மில்லிமீட்டருக்குக் குறைவாகப் பெய்த நாட்கள் அதிகபட்சம் எத்தனை தொடர்ந்து வந்தன என்று தனியே எண்ணுகிறார்கள்.

நான் சீனியர் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அப்படியே எழுதினேன். வறண்ட நாள் என்றால் எண்ணிக்கையில் ஒன்று கூட்டு. மழை வந்தால், இதுவரை கண்ட பெரிய எண்ணோடு ஒப்பிட்டுவிட்டுப் பூஜ்யமாக்கு. முதல் வரிசைக்கு 2 என்று சரியாக வந்தது. இரண்டாவதற்கு வந்த விடை என்ன தெரியுமா? பூஜ்யம்! கடைசிவரை மழையே வரவில்லை. ஆகவே ஒப்பிடவே இல்லை. இன்னும் முடியாத வறட்சி கணக்கிலேயே சேரவில்லை. லூப் முடிந்தபின் இன்னொரு முறை ஒப்பிட்டிருந்தால் தீர்ந்தது.

அம்மாவுக்கு இந்தப் பிழை வராது. "எத்தனை நாளாச்சும்மா?" என்றால், மழைக்குக் காத்திராமல் உடனே சொல்வார். அவர் தன் நிலத்துக்காக எண்ணுகிறார். நான் மார்க்குக்காக எண்ணினேன்.

நண்பர்களே! அவுட்புட் வந்துவிட்டால் புரோகிராம் சரியென்று ஆகிவிடாது. எல்லாம் வறட்சி, எல்லாம் மழை, கடைசியில் வறட்சி என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். நாளை நம் கணக்கை நம்பி யாரோ ஒருவர் விதைக்கப் போகிறார். காப்பி அடிப்பதை விடுவோம், புரிந்து எழுதுவோம்!