விற்போர் பெயர்ப்பட்டியல்

‘கும்பகோணம் டிகிரி காப்பி’ என்னும் பெயர்ப்பலகையை இந்நாளில் நெடுஞ்சாலைகள் பலவற்றிலும் காண்கின்றோம். அப்பெயர் பூண்ட கடைகள் யாவும் நம்மூர்க்கு உரியனவோ என வினவுவார் இலர். இணைய விளம்பர வாணிகத்திலும் இத்தகைய இடரே நேர்ந்தது. 2017ஆம் ஆண்டில் இலண்டன் ‘பைனான்சியல் டைம்ஸ்’ பத்திரிகையார், தம் பெயரால் போலி விளம்பர இடங்கள் பல சந்தைகளில் விற்கப்படுதலைக் கண்டனர். அவற்றின் மதிப்புத் திங்களுக்குப் பத்து இலட்சம் பவுன் எனவும் கணித்தனர்.

இதற்குப் பரிகாரமாக அவ்வாண்டில் ஐ.ஏ.பி. டெக் லேப் என்னும் அமைப்பார் ‘ஆட்ஸ் டாட் டெக்ஸ்ட்’ என்னும் கோப்பை வகுத்தனர். விற்கும் நிறுவனம், கணக்கெண், நேர்விற்பனையோ மறுவிற்பனையோ என்பவற்றை வரிக்கொரு விற்பனையாளராக எழுதித் தளத்துக்குரியோர் தம் தளத்திலேயே வைப்பர்; வாங்குவோர் அதனோடு ஒப்புநோக்கி வாங்குவர். கைப்பேசிச் செயலிகட்கு இம்முறை 2019இல் வந்தது. செயலி அங்காடியில் ஆக்கியோர் குறித்த இணையதளமே அக்கோப்புக்கு இடமாகும்.

இக்கோப்பை வைத்தலினும் காத்தலே அரிதென்பது எம் கருத்து. பிறர் தரும் நெடும்பட்டியலை ஆராயாது சேர்ப்பின், அறியாதார்க்கும் நம் பெயரை விற்கும் உரிமையை நாமே அளித்தவராவோம். கணக்கெண்ணில் ஓரிலக்கம் பிழைப்பினோ, மெய்யான விற்பனையும் ஐயுறப்பட்டு வருவாய் குன்றும். விளம்பரத்தையே நம்பி நடக்கும் சிறு தமிழ்த் தளங்கட்கு இது பிழைப்புக்குரிய செய்தி. ஆதலின், அறிந்த விற்பனையாளரையே எழுதுக; உறவு முடிந்தோர் பெயரை உடனே நீக்குக. நடவோடு நின்று களை பறியாதார் வயல் விளையுமோ?