எமது காணிக்கு எத்தனை குதிரைவலு?

காலபோக நெல் விற்ற காசு கைக்கு வந்ததும் வட்டக்கச்சியில் பல வீடுகளில் ஒரே கதைதான் நடக்கிறது: "இந்த முறை எப்படியாவது ஒரு மெசின் எடுப்பம்." இந்த ஆசையில் நாம் பிழை காணவில்லை. 2009இல் உழவு இயந்திரம், பெட்டி, விதைநெல் எல்லாவற்றையும் முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு, மெனிக் பாம் முகாமில் இருந்து வெறுங்கையோடு திரும்பிய குடும்பம் தன் முற்றத்தில் மீண்டும் ஒரு மெசின் நிற்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் மாதத் தவணை எவ்வளவு என்பதை முதலிலும், எங்கள் காணிக்கு எந்த அளவு மெசின் பொருந்தும் என்பதைக் கடைசியிலும் கேட்கிறோம். இந்த ஒழுங்கு தலைகீழானது என்பதே எமது கருத்து.

முதலில் குதிரைவலுக் கணக்கைப் பார்ப்போம். விற்பனைத் தாளில் 45 குதிரைவலு என்று எழுதியிருந்தால் அது எஞ்சினின் வலு. பின்பக்கச் சுழல்தண்டுக்கு வந்து சேருவது ஏறத்தாழ 38. சேற்றில் சில்லு சறுக்கிச் சறுக்கி இழுக்கும்போது மிஞ்சுவது அதிலும் குறைவு, எஞ்சின் வலுவில் பாதியளவுதான். ஆகவே தாளில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து ஆளுக்காள் போட்டி போடுவதில் பொருளில்லை. கலப்பையின் அகலத்துக்கும் வலுவுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். 5 அடி றோட்டவேட்டருக்கு 35 முதல் 45 குதிரைவலு வரை வேண்டும். எம்மவர் லான்ட்மாஸ்டர் என்று அழைக்கும் இரண்டு சில்லு மெசினில் பெரும்பாலும் 10 முதல் 14 வரை இருக்கும். அதன் றோட்டவேட்டர் இரண்டடி அகலத்தை வெட்டும். (லான்ட்மாஸ்டர் என்பது இங்கிலாந்துக் கம்பனி ஒன்றின் வியாபாரப் பெயர். வேறு நாட்டு மெசின்கள் வந்த பின்னரும் எங்கள் வாயில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.)

இனி மணித்தியாலக் கணக்கு. வரம்பில் திரும்பும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் 45 குதிரைவலு மெசின் ஒரு ஏக்கரை ஒருமுறை உழ ஒரு மணித்தியாலம் எடுக்கும். லான்ட்மாஸ்டருக்கு நாலைந்து மணித்தியாலம் வேண்டும். ஒரு குடும்பத்திடம் மூன்று ஏக்கர் வயல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உழுது மறுப்பதற்குப் பெரிய மெசினுக்கு ஆறு மணித்தியாலம் போதும். ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். சின்ன மெசினுக்கு நாலு நாள். சிறுபோகத்துக்கோ இரணைமடுவில் நிற்கும் தண்ணீரைப் பார்த்துத்தான் கூட்டத்தில் ஏக்கர் பங்கிடுகிறார்கள்; குளத்தின் கீழுள்ள 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல் முழுவதற்கும் அந்தப் போகத்தில் தண்ணீர் கிடைப்பதில்லை. ஆக, சொந்த வயலுக்காக மட்டும் பெரிய மெசின் எடுத்தவருக்கு அது வருடத்தில் இரண்டு நாள் வேலை செய்யும். மற்ற நாளெல்லாம் மாமரத்தின் கீழ் நிற்கும். தவணைக் காசு மட்டும் மாதம் தவறாமல் வெளியே போகும்.

பெரிய மெசின் டீசலைக் குடிக்கும் என்று பலர் சொல்வது முழு உண்மையல்ல. ஒரு குதிரைவலு ஒரு மணித்தியாலம் வேலை செய்ய ஏறக்குறையக் கால் லீற்றர் டீசல் வேண்டும். எஞ்சின் பெரிதோ சின்னதோ இதில் அதிக வித்தியாசம் இல்லை. ஏக்கர்க் கணக்கில் பார்த்தால் இரண்டுக்கும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டு பை உரம் ஏற்றிவரப் பெரிய மெசினைச் சந்திக்குக் கொண்டுபோகும்போதுதான் காசு கரைகிறது. 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 யூன் இறுதியில் 460 ரூபாவானதை யாரும் மறந்திருக்க முடியாது. எனவே வேறுபாடு முதலில்தான் இருக்கிறது. பேர்மிட் காணியை ஈடாக வைத்து வங்கிக் கடன் எடுப்பது இலகுவல்ல. அதனால் மெசினையே ஈடாக வைக்கும் லீசிங்குக்குப் போகிறோம். இரண்டு தவணை பிந்தினால் மெசினைப் பறிகொடுக்கும் பயம் வந்துவிடுகிறது.

பாரத்தையும் யோசிக்க வேண்டும். 45 குதிரைவலு மெசின் இரண்டு தொன்னுக்குக் கிட்ட நிறையுள்ளது. வயலில் ஒரு சாணுக்குச் சற்று கீழே இறுகிய படை ஒன்று இருக்கிறது. தண்ணீரை மேலே பிடித்து வைப்பதும், மெசினைப் புதையாமல் தாங்குவதும் அந்தப் படைதான். அளவுக்கு மீறி ஊறிய வயலில் பாரமான மெசினை இறக்கி இரும்புச் சில்லால் கிண்டினால் அது உடையும். அடுத்த போகம் அதே இடத்தில் மெசின் இன்னும் ஆழமாகப் புதையும், கட்டிய தண்ணீரும் நிற்காது. பள்ளக் காணிக்காரர் இதை நன்கு கவனிக்க வேண்டும். மேட்டுக் காணியில் நிலைமை வேறு. காய்ந்து இறுகிய தரையைப் புழுதி விதைப்புக்குக் கிளற லான்ட்மாஸ்டர் திணறும். அங்கே ஒருமுறை பெரிய மெசினைக் கூலிக்குப் பிடிப்பது நல்லது.

"கூலிக்கு ஓடி உழைக்கலாம்" என்பார்கள். முன்பு அது சரி. உழவு முடிந்தால் சூடடிப்பு இருந்தது, நெல்லேற்றம் இருந்தது. இப்போது வெட்டும் மெசின் வயலிலேயே நெல்லைப் பிரித்துக் கொடுத்துவிடுவதால் சூடடிப்பு உழைப்பு போய்விட்டது. உழவுக் கூலியோ எல்லோருக்கும் ஒரே இரண்டு கிழமையில்தான் வரும். உங்கள் வாய்க்காலில் ஏற்கனவே எத்தனை மெசின் ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

சொல்லத் தயங்கும் இன்னொரு காரணமும் உண்டு. திரும்பவும் ஓடவேண்டி வந்தால் பெட்டியில் பிள்ளைகளையும் சாமானையும் ஏற்றலாம் என்ற நினைப்பு. 1996இலும் 2008இலும் மெசின் வைத்திருந்தவர் ஏற்றினார், இல்லாதவர் தலையில் சுமந்தார். இந்தப் பயத்தை நாம் சிரித்துத் தள்ளமாட்டோம். ஆனால் வராமல் போகக்கூடிய ஓட்டத்துக்காக, நிச்சயம் வரும் கடனை ஏற்கலாமா? ஏற்றிப் பறிக்கத்தான் வேண்டுமென்றால் லான்ட்மாஸ்டர்ப் பெட்டியும் ஒரு குடும்பத்தைத் தாங்கும்.

ஆகவே மூன்று நாலு ஏக்கருக்கு உட்பட்ட குடும்பத்துக்கு லான்ட்மாஸ்டர் போதும் என்கிறோம். ஆனால் ஒரு விலக்கு உண்டு. போரில் கால் இழந்தவர் சேற்றில் அதன் பின்னால் நடக்க முடியாது. வயதானவருக்கும், தனியே குடும்பம் நடத்தும் பல பெண்களுக்கும் அதன் பிடியைத் தூக்கித் திருப்புவது பெரும்பாடு. அவர்களுக்கு 20 முதல் 27 குதிரைவலு வரையுள்ள சிறிய நாலு சில்லு மெசின் பொருந்தும். இருந்து ஓட்டலாம், பாரமும் குறைவு. விலை கூடத்தான். உதவி வழங்கும் நிறுவனங்கள் எல்லோருக்கும் ஒரே மெசின் என்று பட்டியல் போடும்போது இதை நினைக்க வேண்டும்.

பெரிய மெசினை நாலைந்து குடும்பம் சேர்ந்து எடுப்பதே நாம் விரும்பும் வழி. 2010இல் இந்திய அரசு வடமாகாணத்துக்கு வழங்கிய 500 உழவு இயந்திரங்களும் பொதுப் பாவனைக்கென்றே வந்தவை. பொது மெசினுக்குச் சில ஒழுங்குகள் தேவை. ஓட்டுபவர் ஒருவரே, அவருக்குச் சம்பளம். மணித்தியாலக் கொப்பி ஒன்று. பங்காளியும் தன் வயலுக்குக் கூலி கட்ட வேண்டும். அதில் ஒரு பகுதி ரயருக்கும் திருத்தத்துக்கும் ஒதுக்கப்பட வேண்டும். யாருக்கு முதல் உழவு என்பதை மழைக்கு முன்னரே சீட்டுப் போட்டு எழுதி வையுங்கள். மழை வந்தபின் பேசினால் சகோதரரும் சண்டை பிடிப்பர்.

கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் இருந்து செலவைக் கணக்குப் பார்ப்பது பற்றி லூக்கா நற்செய்தியில் ஓர் உவமை வருகிறது. இந்தக் காலபோகத்தில் உங்கள் காணியில் கூலி மெசின் எத்தனை மணித்தியாலம் ஓடியது, எவ்வளவு காசு கொடுத்தீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். சிறுபோகத்துக்கும் எழுதுங்கள். அந்தத் தொகையை லீசிங் தாளில் உள்ள வருடத் தவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பின் கையொப்பமிடுங்கள்.