தலைப்பை மாற்றினால் பிணம் மறைந்துவிடும்

"டேட்டா சேகரிக்கிறதெல்லாம் என்.ஜி.ஓ. வேலை தோழர், நமக்குக் களம்தான்." போன வாரம் ஒரு கூட்டத்தில் தம்பி ஒருவர் சொன்னார். கைதட்டல் வேறு. எனக்குக் கோபம்தான் வந்தது.

2021 ஜூலையில் ஒன்றிய அமைச்சர் ராம்தாஸ் அத்வாலே மாநிலங்களவையில் பதில் சொன்னார்: கையால் மலம் அள்ளியதால் யாரும் இறந்ததாகப் பதிவு இல்லை. அப்போது மலக்குழியில் செத்தவர்கள்? அது வேறு கணக்காம். 'பாதாளச் சாக்கடையை, கழிவுநீர்த் தொட்டியை அபாயகரமாகச் சுத்தம் செய்தபோது' நேர்ந்த மரணமாம்! 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டுக்கும் தனித்தனி வரையறை. அந்தச் சந்தில் நுழைந்து நம் பிணங்களைக் காணாமல் ஆக்குகிறார்கள்.

இந்த மாயம் காவல் நிலையத்திலேயே தொடங்கிவிடுகிறது. 'கவனக்குறைவால் மரணம்' என்று எஃப்.ஐ.ஆர். எழுதி முடித்துவிடுவார்கள். 2013 சட்டமும் இருக்காது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்காது. மறுநாள் பேப்பரில் 'விஷவாயு தாக்கி பலி'. வாயுவே தேடி வந்து கொன்ற மாதிரி! மலக்குழி மரணத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது. பட்டியலில் பெயரே ஏறாதவரின் மனைவி எந்த அலுவலகத்தில் போய் நிற்பார்?

"சாதியை ஏன் கணக்கெடுக்கணும், எல்லாரும் மனுசங்கதானே" என்று கேட்கும் நல்லவர்களும் உண்டு. குழிக்குள் இறக்க ஆள் தேடும்போது அவர்களுக்குச் சேரி எங்கே இருக்கிறதென்று சரியாகத் தெரிகிறது.

உலர் கழிப்பறைக்கு 1993லேயே தடைச் சட்டம் வந்தது. அப்புறமும் 'எங்கள் மாநிலத்தில் இந்தத் தொழிலே இல்லை' என்று அரசுகள் நீதிமன்றத்தில் சாதித்தன. பெஜவாடா வில்சனும் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தோழர்களும் ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்து, பெயர் எழுதி, 2003இல் போட்ட வழக்கில் கொண்டுபோய் அடுக்கினார்கள். 2014 தீர்ப்பு அந்த வழக்கில் வந்ததுதான். இது களம் இல்லையா தம்பி?

அடுத்த மரணத்துக்கு அஞ்சலி போஸ்டர் அடிக்கும் முன் எஃப்.ஐ.ஆர். நகலை வாங்குங்கள். இறக்கிவிட்டது யார், ஒப்பந்தம் யாருடையது, என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். கூட வேலை செய்தவர்களின் வாக்குமூலத்தைத் தேதியோடு எழுதி வாங்குங்கள். பிரிவு விடுபட்டிருந்தால் எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் அன்றைக்கே மனு. காரியம் முடியட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் ஒப்பந்தக்காரர் அந்த வீட்டில் கையெழுத்து வாங்கியிருப்பார்.